கட்டுப்பாடு வேறு, கட்டமைப்பு வேறு

தமிழ் நாளேடுகளின் விபத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் ‘கவனக்குறைவு’. ஓட்டுநரின் கவனக்குறைவு, ஊழியரின் கவனக்குறைவு, மருத்துவமனையின் கவனக்குறைவு என்று அச்சொல் வரும் இடமெல்லாம் யாரோ ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதும்போதும் பொருள் அதுவே: முடிந்திருக்கும், முயலவில்லை. ஏடிஹெச்டி எனப்படும் நரம்பு வளர்ச்சிசார் நிலைக்குத் தமிழில் பெயர் வைத்தவர்களும் இதே சொல்லை எடுத்துக்கொண்டனர். ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று மருத்துவர் சொல்லும்போது, பெற்றோரின் காதில் நோயின் பெயரோடு குற்றச்சாட்டும் சேர்ந்தே விழுகிறது.

கவனத்தைத் திறமையாகவும் பெருமையாகவும் கொண்டாடிய மொழி இது. எண்கவனகர், சதாவதானி என்று பட்டமே உண்டு. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானம் இன்றும் பேசப்படுகிறது. கவனம் சிறப்பாகக் கருதப்படும் இடத்தில் அதன் குறை இழிவாவது இயல்பு. இந்த மொழிச் சிக்கல் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிட்டால் கவலையில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை அடுத்த இரண்டு ஆண்டுகள் எங்கே அனுப்புவது என்ற முடிவை அது மறைவாக நடத்துகிறது என்பதே கவலை.

பெங்களூரின் காக்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 1809-இல் தண்டு உருவானதிலிருந்து கிழக்குப் பெங்களூரில் வேரூன்றிய தமிழர் வாழ்வின் தொடர்ச்சி அப்பகுதி. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறார்கள். மகள் எஸ்எஸ்எல்சி எழுதியிருக்கிறாள். எட்டாம் வகுப்பில்தான் அவளுக்கு ஏடிஹெச்டி என்று கண்டறியப்பட்டது. துள்ளித் திரியும் சிறுவனை எவரும் கவனித்துவிடுவர். சன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து பாடத்தைத் தவறவிடும் சிறுமியைக் கவனிக்க நாளாகும். மதிப்பெண் வந்த மாலையிலேயே உறவினர் தொலைபேசியில் தீர்ப்பு வழங்குகிறார்கள்: “நல்ல ஹாஸ்டலாப் பார்த்துப் போடுங்க, ரெண்டே வருஷத்துல சரியாயிடுவா.”

இங்கிலாந்தில் 16 முதல் 18 வயது வரையிலான இந்தப் பருவத்துக்கு ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ என்று பெயர், கர்நாடகத்தில் பியூசி, தமிழ்நாட்டில் மேல்நிலை. பெயர் எதுவாயினும் இடர் ஒன்றே. பத்தாம் வகுப்பு வரை ஆசிரியர் நாள்தோறும் குறிப்பேட்டைத் திருத்தினார், வீட்டில் அம்மா பையைச் சரிபார்த்தார். பதினொன்றாம் வகுப்பில் பாடம் மும்மடங்காகிறது. சரிபார்க்கும் கைகள் விலகிக்கொள்கின்றன. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிடக் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

1902-இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகளே இந்நிலை பற்றிய தொடக்கக் கால மருத்துவ விவரிப்பாகப் பலராலும் சுட்டப்படுகின்றன. அறிவில் குறையில்லாத அக்குழந்தைகளின் சிக்கலை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்று விளக்கினார். மருத்துவம் அந்த விளக்கத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. 1980-இல் வெளிவந்த அமெரிக்க உளநோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு கவனத்தை மையத்தில் வைத்தது. 2013-இன் ஐந்தாம் பதிப்பு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலேனும் காணப்பட வேண்டும் என்று வரையறுத்தது. பள்ளி வயதினரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருக்கலாம் என்பது உலகளவில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நாற்பது பேர் அமரும் வகுப்பறையில் இருவர்.

இத்துறையில் நெடுங்காலம் ஆய்ந்த ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்தும் கருத்து ஒன்று பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதே இடறுகிறது. ஆகவே உதவி, செயல் நிகழும் இடத்திலும் நேரத்திலும் கிடைத்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை வழங்கப்படும் அறிவுரை வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்க உதவாது. அந்த எட்டு மணிக்கு அருகில் இருந்து, “முதல் கணக்கை மட்டும் போடு, பத்து நிமிடத்தில் வருகிறேன்” என்று சொல்லும் ஒருவரே உதவி.

இங்குதான் தமிழின் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. கட்டுப்பாடு, கட்டமைப்பு. இரண்டுக்கும் வேர் ‘கட்டு’. முன்னது ஆளைக் கட்டுகிறது. பின்னது ஆள் நிற்பதற்கு ஓர் இடத்தைக் கட்டுகிறது. காலை ஐந்து மணி மணியோசை, தாமதமானால் தண்டம், மதிப்பெண் வரிசைப்படி வகுப்புப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொலைபேசி ஆகியவை கட்டுப்பாடு. பெரிய பணியைச் சிறு துண்டுகளாக்கித் தருதல், ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் கெடு, தவறவிட்டதை மறுநாளே பிடிக்க ஒரு வழி, நாள்தோறும் அதே நேரத்தில் வந்து விசாரிக்கும் அதே மனிதர் ஆகியவை கட்டமைப்பு. பெரும்பாலான பிள்ளைகள் கட்டுப்பாட்டிலிருந்தே தமக்கான கட்டமைப்பைத் தாமாக உருவாக்கிக்கொள்கிறார்கள். மணி அடித்தால் எழுகிறார்கள், அட்டவணையைப் பார்த்துப் படிக்கிறார்கள். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்குத் தாமாக நிகழாத செயல் அதுவே. மணி அடிக்கும், அவள் எழுந்து உட்காருவாள், புத்தகம் திறந்தே இருக்கும், ஒரு மணி நேரம் கழியும். கண்காணிப்பாளர் பார்வையில் அது படிப்பு. தேர்வு முடிவு வரும் வரை அந்த வெறுமை எவருக்கும் தெரியாது.

உறவினர் பரிந்துரைக்கும் விடுதிகளில் பல இந்த முதல் வகையைச் சேர்ந்தவை. தென் கன்னட மாவட்டத்தின் விடுதியுடன் கூடிய பியூ கல்லூரிகளும் நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளும் மதிப்பெண்ணால் பெயர் பெற்றவை. அந்தப் பெயர் பொய்யன்று. நீட், ஜேஇஇ தேர்வுகளை நோக்கி ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்ற முறை அது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் குடும்பங்கள் அம்முறைக்கு நன்றி பாராட்டுவதில் நியாயமுண்டு. ஆனால் அந்த முறை ஒரு குறிப்பிட்ட மூளையை முன்வைத்து வடிவமைக்கப்பட்டது. வாரந்தோறும் தேர்வு, வரிசை, மீண்டும் தேர்வு என்ற சுழலில் பின்தங்குபவருக்கு அது அளிக்கும் விடை, மேலும் நீண்ட நேரம் உட்கார வைப்பது. இதே முறையின் உச்சமான ராஜஸ்தானின் கோட்டாவில் 2023-இல் மட்டும் 20-க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2024 சனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், 16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்றது. அந்த மாணவர்களுக்கு ஏடிஹெச்டி இருந்தது என்று பொருளன்று. சராசரி மாணவரையே இவ்வளவு அழுத்தும் ஓர் அமைப்பில், நேரத்தைக் கையாள்வதிலேயே தடுமாறும் பிள்ளையை ‘திருத்துவதற்காக’ விடுவது எத்தகைய துணிச்சல் என்பதே கேள்வி.

அப்படியானால் விடுதியே கூடாதா? அதுவும் அவசரமான முடிவு. வீட்டில் ஒவ்வொரு மாலையும் “படிச்சியா?” என்ற கேள்வியில் தொடங்கி அழுகையில் முடிகிறது என்றால், தாய்க்கும் மகளுக்கும் இடையிலான உறவு அந்த ஒரே கேள்வியாகச் சுருங்கிப்போகிறது. கேள்வி கேட்கும் பொறுப்பை ஒரு நல்ல விடுதி ஏற்றுக்கொண்டால், அம்மா மீண்டும் அம்மாவாக இருக்கலாம். பள்ளியும் உறங்கும் அறையும் விளையாட்டுத் திடலும் நூலகமும் ஒரே வளாகத்தில் இருப்பது, இடம் மாறும்போதெல்லாம் எதையாவது மறக்கும் பிள்ளைக்குப் பெரும் நிம்மதி. தேவை, விடுதியைத் தேர்வதற்கான சரியான அளவுகோல்.

அந்த அளவுகோல் பகல் நேர வகுப்புகளில் இல்லை, மாலையில் இருக்கிறது. ஏடிஹெச்டிக்கு முதன்மையாகத் தரப்படும் மருந்துகளுள் ஒன்றான மெத்தில்ஃபெனிடேட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் குறுகிய வடிவம் சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். நீண்ட வடிவங்கள் 8 முதல் 12 மணி நேரம். காலை ஏழரைக்கு விழுங்கிய மாத்திரையின் பயன், விடுதியின் ‘ஸ்டடி அவர்’ தொடங்கும் இரவு ஏழு மணிக்குப் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அதாவது தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிள்ளை மருந்தின் துணையின்றி இருக்கிறாள். மருந்து பசியைக் குறைப்பதால் மதியச் சோறு தட்டிலேயே கிடக்கும். பசி இரவு ஒன்பதுக்குத் திரும்பும்போது உணவுக்கூடம் மூடியிருக்கும். இந்நிலை உள்ள பலருக்கு உறக்கம் தாமதமாகவே வரும். ஐந்து மணி மணியோசை அந்த உறக்கத்தையும் வெட்டும். பசியும் உறக்கமின்மையும் சேர்ந்த பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பதற்கு மருத்துவ நூல் எதுவும் துணைவராது.

மருந்தின் இருப்பிடமும் கேட்டறிய வேண்டிய செய்தி. மெத்தில்ஃபெனிடேட் இந்திய மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. மருத்துவர் சீட்டை இரு படிகளாகத் தர வேண்டும். கடை ஒரு படியை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பெங்களூரில் எளிதாகக் கிடைப்பது மலையோரச் சிற்றூரில் கிடைக்காமல் போகலாம். மாதந்தோறும் சீட்டு எங்கிருந்து வரும், மாத்திரை யாருடைய பூட்டிய அலமாரியில் இருக்கும், காலையில் அதைக் கொடுப்பவர் விடுப்பில் போனால் யார் கொடுப்பார், சக மாணவிகள் கேலி செய்யாதபடி எங்கே வைத்துக் கொடுப்பார்? விடுதிக் காப்பாளர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொன்னால், இத்தகைய பிள்ளைகள் அங்கே முன்பும் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். “அதெல்லாம் இங்கே வந்தால் தேவைப்படாது” என்று சொன்னால் அடுத்த பேருந்தில் ஊர் திரும்பலாம்.

இனி சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் பட்டியலில் 21 வகைகளை வைத்திருக்கிறது. ஆட்டிசம் உண்டு, டிஸ்லெக்சியா முதலான குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் உண்டு, ஏடிஹெச்டி என்ற பெயர் இல்லை. ஏடிஹெச்டியோடு கற்றல் குறைபாடும் சேர்ந்து வருவது அரிதன்று என்பதால், அதையும் மதிப்பிடச் சொல்லிப் பெற்றோர் கேட்பது நல்லது. 2018-இல் அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதலின்படி அக்குறைபாட்டைக் கண்டறியப் பயன்படும் சோதனைத் தொகுப்பே நிம்ஹான்ஸ் பெயரில் உள்ளது. காக்ஸ் டவுன் குடும்பத்துக்கு அந்நிறுவனம் அதே நகரில், ஓசூர் சாலையில் இருக்கிறது. அவ்வழிகாட்டுதல் 14 வயதிலும் 18 வயதிலும் மறுசான்று கேட்டது. பியூசி முடிக்கும் வயதும் அந்தப் பதினெட்டுதான். தொலைதூர விடுதியில் இருக்கும் பிள்ளையின் சான்றிதழ் தேர்வு ஆண்டில் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எவருடையது என்பதும் சேர்க்கைக்கு முன்பே முடிவாக வேண்டும். சான்று கையில் இருந்தால், எடுத்துக்காட்டாக சிபிஎஸ்இ, மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதலாகத் தருகிறது.

பட்டியலில் பெயர் இல்லாததால் கதவு முற்றிலும் அடைபட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. நீண்டகாலக் குறை ஒன்று, சூழலின் தடைகளோடு சேர்ந்து, ஒருவரின் முழுமையான பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது அச்சட்டத்தின் பொது வரையறை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரையறையைப் பற்றிக்கொண்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நிலையில் இருந்த அவருக்கு, 40 விழுக்காட்டு வரம்பைக் காட்டிக் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டிருந்தது. அந்த வரம்பு இட ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கே உரியது. நியாயமான இசைவமைப்புப் பெறும் உரிமைக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஏடிஹெச்டிக்காக வாதிட விரும்பும் பெற்றோருக்கு இத்தீர்ப்பில் இடமுண்டு. இங்கிலாந்தின் சமத்துவச் சட்டம், 2010 பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது: நோயின் பெயரைவிட, அன்றாட வாழ்வில் அதன் நீடித்த பாதிப்பு என்ன என்றே முதலில் கேட்கிறது. ஐபி, கேம்பிரிட்ஜ் ஆகிய பன்னாட்டு வாரியங்களும் உரிய மதிப்பீட்டறிக்கை இருந்தால் ஏடிஹெச்டிக்குத் தேர்வுச் சலுகைகளைப் பரிசீலிக்கின்றன.

இங்கே வர்க்கம் குறுக்கிடுகிறது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் உள்ள பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் பல இலட்சம். காக்ஸ் டவுன் சந்தைக்கு அருகே வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. கூடுதல் நேரம் என்பது பணம் உள்ளவர்க்குக் கிடைக்கும் வசதியாகவும் ‘கவனக்குறைவு’ என்பது பணம் இல்லாதவர்க்குக் கிடைக்கும் பட்டமாகவும் பிரிந்துவிடுவது இந்தக் கதையின் பெரிய அநீதி. அதற்குத் தீர்வு பெற்றோரிடம் இல்லை. ஏடிஹெச்டியைப் பட்டியலில் சேர்ப்பதும், பியூ கல்லூரிகளில் ஓர் ஆலோசகரை அமர்த்துவதும் அரசின் கடமை. கல்வியியலிலும் உளவியலிலும் ஆய்வு செய்வோர் இக்கோரிக்கையை எழுப்பப் பெற்றோர் சங்கங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை குடும்பத்தின் கையில் வேறு வழிகளும் உண்டு. வீட்டில் இருந்தபடியே அருகிலுள்ள பியூ கல்லூரிக்குச் சென்று, மாலையில் இரண்டு மணி நேரம் உடன் அமரும் ஒரு கல்லூரி மாணவரையோ அத்தையையோ ஏற்பாடு செய்துகொள்வதும் கட்டமைப்பே. கர்நாடகத்தில் 2024 முதல் இரண்டாம் பியூசிக்கு ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடக்கின்றன. ஒரு மோசமான மார்ச் மாதம் முழு ஆண்டையும் விழுங்குவதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஐந்தாண்டுக் காலத்தில் ஒன்பது வாய்ப்புகள் தருகிறது. ஒரே நேரத்தில் எல்லாப் பாடங்களையும் சுமக்காமல் ஒவ்வொன்றாக முடிக்கலாம். திறந்தநிலைப் பள்ளி என்றாலே தோற்றவர்களின் புகலிடம் என்ற எண்ணம் உண்டு. வேகத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை என்று அதைப் பார்க்கப் பழக வேண்டும். ஆனால் உடன் அமர ஆளில்லாத வீட்டில் அந்தச் சுதந்திரமே சுமையாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

மொழியும் கணக்கில் வர வேண்டும். தமிழை ஒரு மொழிப் பாடமாக எடுத்த பிள்ளைக்குக் கடலோர விடுதியில் தமிழாசிரியர் கிடைக்காமல் போனால், புதிய மொழித்தாள் ஒன்று கூடுதல் சுமையாகச் சேரும். அதைவிட முக்கியம், இரவில் மனம் சோர்ந்தபோது எந்த மொழியில் அவள் அழலாம் என்பது.

“உலகம் இவளுக்காக வளைந்து கொடுக்காது, இப்போதே பழகட்டும்” என்பது இவை அனைத்துக்கும் எதிராக வைக்கப்படும் வாதம். அதில் அக்கறை இருப்பதை மறுக்க இயலாது. ஆனால் கண்ணாடி அணிந்து படிக்கும் பிள்ளையிடம் எவரும் இப்படிச் சொல்வதில்லை. உரிய துணையோடு இரண்டு ஆண்டுகளைக் கடந்தவள், எந்தத் துணை தனக்குத் தேவை என்று அறிந்தவளாகக் கல்லூரிக்குள் நுழைகிறாள். நாட்காட்டியையும் நினைவூட்டியையும் உடன் படிக்கும் தோழியையும் தானே தேடிக்கொள்கிறாள். துணையின்றித் தோற்றவள் தன்னைப் பற்றி ஒன்றை மட்டுமே கற்றிருப்பாள். அதை அவளுக்குக் கற்பிக்கச் சிவப்பு மை முன்பே போதுமானதாக இருந்தது.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் சேர்க்கைக் கூடத்தில் அமரும் பெற்றோர், சென்ற ஆண்டு எத்தனை பேர் மருத்துவம் போனார்கள் என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்கலாம். ஒரு மாணவி மூன்று நாள் ஒப்படைப்பைத் தரவில்லை என்றால் நான்காம் நாள் இங்கே என்ன நடக்கும்? இரவுப் படிப்பு நேரத்தில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? இடையில் எழுந்து நடக்கலாமா? மருந்து யாரிடம்? நடுவில் விலகிய பிள்ளைகள் எத்தனை, ஏன்? முடிந்தால் ஒரு மாலை நேரத்தில் சென்று, படிப்பறையின் வாசலில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். இக்கேள்விகளைப் பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு கேட்பது இன்னும் நல்லது. அங்கே இரண்டு ஆண்டுகள் வாழப்போகிறவள் அவள்தான். பதினாறு வயதில், தனக்கு எந்த மாலை வேளை தாங்கும் என்று சொல்ல அவளுக்குத் தெரியும்.